பதினோராவது ஒலிப்பதிவு

என் மகள் கிளினிக்கல் சைக்காலஜியில் எம்.ஃபில் படிக்கிறாள். பக்கவாதம் வந்து படுத்துவிட்ட கணவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற மனைவிமார்களைப் பற்றியது அவளுடைய ஆய்வு. ஒவ்வொரு வீடாகப் போய் ஒரு மணி நேரம் பேசி, அதைப் பதிவு செய்துகொண்டு வருவாள். எப்போது தூங்குகிறீர்கள், யாரிடம் மனம்விட்டுப் பேசுகிறீர்கள், உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்க்கிறார்கள் என்பது மாதிரியான கேள்விகள். செகந்திராபாத் ரயில்வே குடியிருப்புகளிலும் அவற்றைச் சுற்றியும் இரண்டு மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பங்களில் பன்னிரண்டு பேரைத் தேடிப் பிடித்திருந்தாள்.

நான் இதற்குள் வந்ததற்குக் காரணம் அவளுடைய தமிழ்தான். பிறந்ததும் வளர்ந்ததும் இங்கே செகந்திராபாத் பக்கம் அல்வாலில். நாங்கள் திருச்சித் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில் பதில் சொல்லுவாள். தமிழ் நன்றாகப் புரியும், தட்டுத்தடுமாறிப் பேசவும் செய்வாள், எழுத வராது. ஆனால் பேட்டியில் பேசிய ஒவ்வொரு சொல்லையும், இருமலையும் பெருமூச்சையும்கூட விடாமல், பேசிய மொழியிலேயே தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் துறையின் வழக்கம். நான் பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். அறிக்கை எழுதிப் பழகியவன், தமிழில் தட்டச்சும் தெரியும். அவளுடைய கைடு, ஐம்பது வயதைத் தாண்டிய தெலுங்குக்கார அம்மா, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சம்மதித்தார். கேட்டதை யாரிடமும் சொல்ல மாட்டேன், பேசுகிறவர் யார் என்று கண்டுபிடிக்க முயல மாட்டேன், வேலை முடிந்ததும் கோப்பை அழித்துவிடுவேன் என்று மூன்று உறுதிமொழிகள் அதில் இருந்தன. பேசுகிறவர்களுக்குப் பெயர் கிடையாது. சி ஒன்று, சி இரண்டு என்று குறியீடு மட்டும்.

"கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு ஒட்டுக்கேக்குற ஒரே ஆள் இந்த ஊர்லயே நீங்கதான்" என்றாள் மனைவி. அவள் வங்கியில் வேலை பார்க்கிறவள். அவளுக்கும் எதையும் சொல்லக் கூடாது என்பதால் நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் கேட்பேன். வெளியே வரும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு யாரு, அழுதவங்களா, சிரிச்சவங்களா?" என்பாள். நான் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவேன்.

சி பதினொன்று சிரித்தவர். பத்துப் பேரையும் கேட்டு முடித்தபோது எனக்குள் ஒரு பாரம் ஏறியிருந்தது. இந்த அம்மாளின் குரல் அதைக் கொஞ்சம் இறக்கி வைத்தது. அறுபது வயதிருக்கலாம். பேச்சில் உருதும் தெலுங்கும் கலந்திருந்தது; எதுக்கு என்பதற்குக் 'கைக்கு', ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'. "தூக்கமா? அது கைக்கும்மா எனக்கு? இவரு ராத்திரி மூணு தடவ கூப்புடுவாரு. நான் தூங்குனா இவருக்குக் கோவம் வந்துடும், ஹவ், நெஜமாத்தான் சொல்றேன்" என்று சிரித்தார். வாழ்க்கையே வேண்டாம் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா என்று என் மகள் கேட்டாள். அந்தக் கேள்வியை எல்லாரிடமும் நேராகக் கேட்டே ஆக வேண்டும் என்பது விதி. "சீச்சீ, அதெல்லாம் இல்லவே இல்ல" என்றார் அந்த அம்மாள். அடைப்புக்குறிக்குள் "சிரிக்கிறார்" என்று நான் தட்டினேன்.

பேட்டியின் நடுவில் கீழேயிருந்து யாரோ கூச்சல் போட்டார்கள். தண்ணீர் டேங்கர் வந்துவிட்டது, சந்தில் நிற்கிற ஸ்கூட்டியை எடு என்று. என் மகள் மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கிப் போனாள். பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. டேங்கரின் மோட்டார் சத்தம். நான் ஒரு நிமிடம் கேட்டேன். பிறகு அவள் திரும்பி வரும் இடம் வரைக்கும் தள்ளிவிட்டு, "நீண்ட அமைதி, நான்கு நிமிடம். ஆய்வாளர் வெளியே சென்றார்" என்று போட்டேன். உகாதிக்கு மூன்று நாள் இருந்தது. பண்டிகைக்கு முன்னால் முதல் படியை முடித்துவிட்டால் பிறகு நிதானமாகச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

உகாதி முடிந்து மூன்றாம் நாள் சனிக்கிழமை. எங்கள் தொழிற்சாலைக்கு விடுமுறை. மனைவி வங்கிக்குப் போய்விட்டாள், மகள் ஆஸ்பத்திரியில் வார்டு பயிற்சிக்குப் போயிருந்தாள். காலை பத்து மணி வாக்கில் மனைவியின் புதிய இயர்போனை மாட்டிக்கொண்டு சி பதினொன்றைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். அந்த இயர்போன் காதை நன்றாக அடைத்துக்கொள்ளும். டேங்கர் வரும் இடம் வந்தது. இந்த முறை தள்ளவில்லை. சரிபார்ப்பு என்றால் முழுவதும் கேட்பது என்று தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பவன் நான்.

மோட்டார் சத்தத்துக்கு அடியில் அந்த அம்மாள் பேசிக்கொண்டிருந்தார். என் மகளிடம் பேசிய குரல் இல்லை. மிகத் தாழ்ந்த, கொஞ்சுகிற குரல். கட்டிலில் இருக்கிற கணவரிடம் பேசினார்.

"கேட்டீங்களா, நல்ல பொண்ணு. சாப்புடுறீங்களா, தூங்குறீங்களான்னு என்னக் கேக்குது."

கணவர் தொண்டைக்குள் ஏதோ சத்தம் எழுப்பினார்.

"நக்கோ, அழாதீங்க. உகாதிக்கு நம்ம பையன் வர்றான்ல. வந்து மூஞ்சியப் பாத்துட்டுப் போவட்டும். அவன் போனதும் நாமளும் போயிடலாம். ரெண்டு பேரும்தான். உங்கள விட்டுட்டு நான் போவேனா? எல்லாம் எடுத்து வச்சிட்டேன்."

மறுபடியும் அந்தச் சத்தம், இந்த முறை நீளமாக. சம்மதிக்கிறாரா, வேண்டாம் என்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பின்னால் போய் மூன்று முறை கேட்டேன். தெரியவே இல்லை. பிறகு மாடிப்படியில் காலடி. "ஸாரி ஆன்ட்டி, ஆ டேங்கர் அதனு..." என்று தெலுங்கில் என் மகளின் குரல். அந்த அம்மாள் பழைய குரலில், "பரவால்லம்மா. டீ போடட்டா?" என்றார்.

இயர்போனைக் கழற்றினேன். வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. உகாதி முடிந்து மூன்று நாள். மகன் வந்திருப்பான், பச்சடி சாப்பிட்டிருப்பான், போயிருப்பான். இரண்டு நாளைக்கு முன்பே போயிருப்பான்.

மகளுக்குப் போன் செய்தேன். மணி அடித்து ஓய்ந்தது. வார்டுக்குள் போகும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும், இரண்டு மணிக்குத்தான் எடுப்பாள். மறுபடி அழைக்கப்போய் இரண்டு முறை தவறான பெயரை அழுத்தினேன். நான் கையெழுத்துப் போட்ட படிவத்தில் கைடின் எண் அச்சிட்டிருந்தது நினைவுக்கு வந்தது. படிவத்தைத் தேடி எடுத்து அழைத்தேன். அவர் ஆங்கிலத்தில் பேசினார். நான் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார்.

"எந்தக் குறியீடு?"

"சி பதினொன்று."

"நீங்கள் அந்தக் குரலை இன்றைக்குத்தான் கேட்டீர்களா?"

"ஆமாம்" என்றேன். மற்றதைச் சொல்லவில்லை.

பத்து நிமிடம் கழித்து அவரே அழைத்தார். அந்த அம்மாளின் போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. முகவரிப் பட்டியல் கல்லூரியில் அவருடைய பூட்டிய அலமாரியில் இருக்கிறது. அவரோ ஷம்ஷாபாத் தாண்டி ஒரு கல்யாண வீட்டில் இருக்கிறார், வருவதற்கு ஒன்றரை மணி நேரமாவது ஆகும். வழி தெரிந்தவள் என் மகள் ஒருத்திதான். வார்டுக்குப் பேசி அவளை வெளியே அனுப்பச் சொல்லியாகிவிட்டது. "நீங்கள் அவளைக் காரில் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் வீட்டுக்குள் போகக் கூடாது. கதவு திறக்கவில்லை என்றால் உடனே ஆம்புலன்ஸ், அப்புறம் போலீஸ். நான் போனிலேயே இருக்கிறேன்."

மகள் ஆஸ்பத்திரி வாசலில் வெள்ளைக் கோட்டோடு நின்றுகொண்டிருந்தாள். காரில் ஏறியதும் முதல் வேலையாக இயர்போனை வாங்கி என் போனில் அந்த நான்கு நிமிடத்தையும் கேட்டாள். தார்நாகா சிக்னலில் நின்றபோது அவள் முகத்தைப் பார்த்தேன். ஏழு வயதில் டைபாய்டு வந்து கிடந்தபோது இருந்த நிறம்.

"நான் கேட்டேன் அப்பா. அந்தக் கேள்வியை ஸ்ட்ரெய்ட்டா கேட்டேன். சிரிச்சாங்க."

"தெரியும்மா. நான்தானே டைப் பண்ணேன்."

"ஸ்கூட்டியை அங்க நிறுத்தியிருக்கவே கூடாது."

"நிறுத்தலன்னா இது யாருக்குமே தெரிஞ்சிருக்காதுடா."

"சும்மா சமாதானம் சொல்லாதீங்க. வண்டி நகருது, போங்க."

ஓட்டினேன். ஒருபக்கம் சீக்கிரம் போக வேண்டும் என்று கால் அழுத்தியது. இன்னொரு பக்கம், வெட்கத்தோடு சொல்கிறேன், போய்ச் சேரவே கூடாது என்று மனம் கெஞ்சியது. அந்த வீட்டுக்குள் என்ன இருக்கிறதோ, அதை முதலில் பார்க்கப்போவது இருபத்து நான்கு வயதான என் மகள். அதற்குப் பிறகு அவள் வேறு ஆளாகத்தான் வெளியே வருவாள். எங்கள் தொழிற்சாலையின் பயிற்சிக் கூடத்தில் ஒரு விபத்தைப் பார்த்த இளைஞன் ஒருவன் வருடக்கணக்கில் அந்தப் பக்கமே நடக்காமல் இருந்தது எனக்குத் தெரியும்.

பழைய இரண்டு மாடிக் கட்டடம், வெளிப்பக்கப் படிக்கட்டு. கீழ்வீட்டு வாசலிலும் எதிர்வீட்டு வாசலிலும் உகாதிக்குக் கட்டிய மாவிலை காய்ந்து சுருண்டு தொங்கியது. மேலே அந்த அம்மாளின் வாசலில் ஒரு இலைகூட இல்லை.

மகள் இறங்கினாள். கீழ்வீட்டில் பருப்பு புடைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து, "மேல் வூட்டுக்கா? ரெண்டு நாளா சத்தமே இல்லம்மா. கதவு சாத்தியே கெடக்கு" என்றாள்.

நான் இறங்கிப் போய் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ போகாதே. நான் போறேன்."

"கைய விடுங்கப்பா."

"மேடம் வரட்டும். இல்லன்னா ஆம்புலன்ஸ் வரட்டும். நீ போக வேணாம்."

"மேடம் வர இன்னும் ஒன் அவர் ஆகும். நீங்க போய் யாருன்னு சொல்லிக் கதவத் தட்டுவீங்க? 'நீங்க உங்க வீட்டுக்காரர்கிட்ட ரகசியமா பேசினத ஒட்டுக்கேட்டவன் நான்'னா?"

இருந்தாலும் விடவில்லை. அவள் குரலைத் தாழ்த்தி, "அப்பா, அவங்களுக்கு என்னைத் தெரியும். எனக்கும் பயமாத்தான் இருக்கு. விடுங்க" என்றாள். அவள் தெலுங்குக்கோ ஆங்கிலத்துக்கோ போகாமல் என்னிடம் தமிழிலேயே பேசிக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. விட்டேன். மணிக்கட்டில் என் விரல்கள் பதிந்திருந்தன.

அவள் ஏறினாள். பதினேழு படிகள். நான் காருக்குத் திரும்பிப் போகாமல் படிக்கட்டின் அடியிலேயே நின்றேன், உள்ளே போகக் கூடாது என்ற வார்த்தையை அந்த அளவுக்குத்தான் காப்பாற்ற முடிந்தது. அவள் கதவைத் தட்டினாள்.

"ஆன்ட்டி? நான்தான், காலேஜ்லேருந்து வந்தேனே."

ஒன்றும் இல்லை. மறுபடி தட்டினாள். ஜன்னல் பக்கம் போய்க் குனிந்தாள், திரை போட்டிருந்தது. போனில் கைடின் குரல் ஏதோ கேட்க, "நோ ரெஸ்பான்ஸ் மேடம்" என்றாள். நான் ஆம்புலன்ஸுக்கு எண்ணை அழுத்தத் தொடங்கினேன். கீழ்வீட்டுப் பெண் முறத்தை வைத்துவிட்டு எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். "என்னாச்சு சார்?" என்றாள். என்ன சொல்வது? கையெழுத்துப் போட்டிருக்கிறேனே. தலையை மட்டும் ஆட்டினேன்.

அப்போது உள்ளே தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் கேட்டது.

கதவு பாதி திறந்தது. நான் நின்ற இடத்திலிருந்து ஒரு கையும் புடவைத் தலைப்பும்தான் தெரிந்தன. "நீயாம்மா? இப்ப எதுக்கு..." என்ற குரலைக் கேட்டதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு வாரமாக என் காதுக்குள் இருந்த குரல். மகள் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

கைடு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. கல்யாணப் பட்டுப்புடவையோடு, என்னைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு மேலே போனார். இன்னும் இரண்டு மணி நேரம். இடையில் ஒரு தடவை அந்த அம்மாள் வராந்தாவுக்கு வந்து கீழே பார்த்தார். மெலிந்த, குள்ளமான பெண்மணி. என்னையே பார்த்தார். நான் யார் என்று அதற்குள் சொல்லியிருப்பார்கள் என்று தோன்றியது. எழுந்து நின்று கை கூப்பினேன். அவர் கூப்பவில்லை, திட்டவும் இல்லை. உள்ளே போய்விட்டார்.

திரும்பி வரும்போது மகள் எனக்குச் சொல்லக்கூடியது இவ்வளவுதான் என்று கொஞ்சம் சொன்னாள். பிற்பாடு அதற்கு மேலும் சில சொன்னாள். மகனுக்கு உகாதிக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அதனால் அந்த அம்மாள் காத்திருந்திருக்கிறார். அந்த அம்மாள் முதலில் மறுத்தார், பிறகு, "உன்கிட்ட நான் சொல்லவே இல்லியே, எப்புடித் தெரியும்?" என்று கேட்டார், பிறகு பீரோவைத் திறந்து எடுத்து வைத்திருந்ததைக் கைடிடம் கொடுத்தார். கட்டிலில் கிடந்தவர், வேலை செய்கிற ஒரு கையால் என் மகளின் கோட்டைப் பிடித்துக்கொண்டு, பேசி முடிக்கும் வரைக்கும் விடவே இல்லையாம்.

"அவர் வேணாம்னுதான் சொல்லியிருக்கார் அப்பா. நாலு நிமிஷமும் அதத்தான் சொல்லியிருக்கார்."

நான் காரை ஓரமாக நிறுத்தினேன். அப்போதுதான் சொன்னேன், உகாதிக்கு மூன்று நாள் முன்பே அந்தப் பதிவு என் காதில் ஓடியது, நான்தான் தள்ளிவிட்டேன் என்று.

அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அவங்க மகனுக்கு லீவு கிடைச்சிருந்தா?" என்றாள்.

"தெரியும்."

"இதை ரிப்போர்ட்ல எழுதணும். கமிட்டிக்குப் போகும்."

"எழுது."

"உங்க பேர் வராது. டைப் பண்ணவர்னுதான் வரும்."

"பேர் வந்தாலும் எழுதும்மா."

அந்த அம்மாள் ஆய்விலிருந்து விலகிக்கொண்டார். அது அவருடைய உரிமை. மகளின் கண் முன்னால் நான் அந்தக் கோப்பை அழித்தேன். அவரை ஒரு மருத்துவர் பார்க்கத் தொடங்கினார், கணவரைக் கவனிக்க வாரத்தில் சில நாள் ஆள் வர ஏற்பாடானது. இவையெல்லாம் கைடு செய்தவை. மகன் வந்தான். அவன் திரும்பிப் போக வேண்டிய நாளன்று நான் தொழிற்சாலையில் ஒரு கருவியையும் சரியாகச் சோதிக்கவில்லை. மாலையில் மகள், "அவர் போகல. ரெண்டு வாரம் லீவு போட்டுட்டார். இனிமே இதப் பத்தி என்கிட்டக் கேக்காதீங்க அப்பா, நான் சொல்லக் கூடாது" என்றாள். இரண்டு வாரம் என்றால் எந்தத் தேதி என்று நான் விரல் விட்டு எண்ணினேன். அந்தத் தேதி வந்தது, போனது. கேட்கவில்லை. அவள் வீட்டுக்குள் நுழையும்போது முகத்தைப் பார்ப்பேன். அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டு, வாசலிலேயே "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே வரத் தொடங்கினாள். நான் கேட்க விரும்பியது அவளைப் பற்றி மட்டும் இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

இந்தப் படிப்பை விட்டுவிடு என்று ஒரு நாள் சொன்னேன். "விட்டுட்டா அந்தக் கதவ யார் தட்டுவாங்க?" என்று கேட்கவில்லை அவள், அப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை. "தீசிஸ் சப்மிட் பண்ணிட்டுப் பேசலாம்" என்றாள். இன்னும் பேசவில்லை.

இதை எழுதலாமா என்று மாதங்கள் கழித்து மகளிடம் கேட்டேன். அவள் கைடிடம் கேட்டாள். அந்தக் குடும்பத்தைக் கேட்காமல் முடியாது, அவர்கள் சம்மதித்தாலும் நோய், வீடு, உறவு எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுத வேண்டும் என்று கைடு சொன்னார். கேட்டு அனுப்பினார். ஒரு நாள் பதில் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் நான் மறுபடியும் அந்தப் படிக்கட்டின் அடியில் நின்றுகொண்டிருந்தேன், தொழிற்சாலையில் மேஜை முன்னால் உட்கார்ந்தபடியே. எதற்காகக் கேட்டோம், பழையதை ஏன் கிளறினோம், கிளறியதால் ஏதாவது ஆகிவிட்டதா என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் மகள் வார்டிலிருந்து வந்ததும், "எழுதலாமாம்" என்றாள்.

"யார் சொன்னது? மகனா?"

"இல்லப்பா" என்றாள். "ஆன்ட்டிதான். அவங்களேதான் போன்ல சொன்னாங்களாம்."